கயிறு பிடிக்காதவன்

கல்கத்தா, பவானிபூர்
சௌமிய வருஷம் ஐப்பசி மாதம் 24

சௌபாக்கியவதி அனந்தலக்ஷ்மிக்கு மஹாதேவன் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. காளிகாட்டு அம்மன் கிருபையில் நான் சௌக்கியமாக இருக்கிறேன். நீயும் குழந்தை காமுவும் உன் அப்பா அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுதவும். போன தடவை போல 'எல்லோரும் க்ஷேமம்' என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதே. இத்தனை தூரம் ரயிலில் வருகிற காகிதத்தில் இடம் மிச்சம் வைப்பது பாவம்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் புருஷன் இனிமேல் ஸ்டோர் குமாஸ்தா இல்லை. கிதிர்பூரில் கங்கைக் கரையில் இருக்கிற எங்கள் கம்பெனி யார்டுக்கு என்னைச் சூப்பர்வைசராகப் போட்டிருக்கிறார்கள். மானேஜர் டன்பர் துரை கூப்பிட்டுக் கை குலுக்கினார். மார்கழி முடிகிற வரையில் பரீட்சை. குற்றம் குறை இல்லாமல் வேலை நடந்தால் தை முதல் தேதி உத்தியோகம் ஸ்திரம். அதோடு யார்டுக்குப் பின்னால் இரண்டு அறையும் சமையலறையும், வாசலிலேயே குழாயும் உள்ள குவார்ட்டர்ஸ். மாப்பிள்ளை பெயருக்கு ஒரு வீடு என்று கம்பெனிக் காகிதத்தில் வந்தால்தான் பெண்ணையும் பேத்தியையும் அனுப்புவேன் என்று உன் அப்பா மூன்று வருஷமாகப் பிடிவாதம் பிடிக்கிறார் அல்லவா, அந்தக் காகிதம் தையில் வரும். போன லீவு முடிந்து நான் புறப்பட்டபோது காமு எட்டு மாதக் குழந்தை. இப்போது ஓடுகிறாள் என்று எழுதுகிறாய். அவள் நடந்ததையே நான் பார்க்கவில்லை.

என்ன வேலை என்று கேட்பாய். இங்கே சணல் மில்கள் அதிகம். அவற்றுக்கு வேண்டிய நீராவி பாய்லர்கள் சீமையிலிருந்து கப்பலில் வருகின்றன. கப்பலிலிருந்து படகில் இறக்கி எங்கள் துறைக்குக் கொண்டுவருவார்கள். அங்கிருந்து கரை மேட்டில் இருக்கும் தண்டவாளம் வரை ஏற்றிக் கொடுப்பது எங்கள் யார்டின் பொறுப்பு. பாய்லர் என்றால் வெந்நீர் அண்டா என்று நினைத்துவிடாதே. உங்கள் வீட்டுக் கூடத்தில் தலை வைத்துப் படுக்கவைத்தால் கால் தெருவில் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே நான் குனியாமல் நிற்கலாம். முழுக்க இரும்பு, இருபது டன். முதல் முறை பார்த்த அன்று திரும்பி ஆபீஸுக்குள் போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்தேன்.

பெரிய துறைமுகத்தில் இருப்பது போன்ற கிரேன் எங்களுக்குக் கிடையாது. கயிறு, மரக்கட்டை, நாற்பத்திரண்டு ஆட்கள், அவ்வளவுதான். ஆட்களைக் கலாசிகள் என்கிறார்கள். நவகாளிப் பக்கத்து முஸ்லிம்கள். பரம்பரையாகப் பாரம் ஏற்றுகிற ஜனங்கள். அவர்களுக்குத் தலைவன் கலீமுத்தீன் என்று ஒருவன். நம் நாகப்பட்டினத்தில் தண்டல் என்கிறார்களே, அதே பதவிதான், இங்கே டிண்டல். கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தான், அன்றைக்கே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது இன்னொருவனைப் பற்றி. சோனா மியா என்று பெயர். என் வயதிருக்கும், ஒல்லி ஆசாமி. நாற்பத்தொரு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கொட்டும்போது, இந்த மகானுபாவன் கரை மேல் ஒரு மரக்கட்டை அடுக்கின் மீது ஏறி நின்று, வாய் நிறைய வெற்றிலையோடு பாடுவான். கயிற்றில் விரல்கூட வைக்க மாட்டான். அவன் ஒரு அடி பாட, மற்றவர்கள் 'மாரோ டான், ஹெய்யோ' என்று இழுக்கிறார்கள். மாரோ டான் என்றால் ஓங்கி இழு. ஆஜர் புஸ்தகத்தில் மட்டும் அவன் பெயரும் மற்றவர்களோடு சமமாக இருக்கிறது. ஸ்டோரில் ஆறு வருஷம் இருந்தவன் நான், ஒரு ஆணி சும்மா கிடந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது.

சீதாராமனை உனக்குத் தெரியும், மெஸ்ஸில் என் அறையில் இருக்கிறவன், அதே கம்பெனியில் குமாஸ்தா. பத்து வருஷமாக இங்கே இருப்பதால் வங்காளி தண்ணீர்பட்ட பாடு. அவனை ஒரு நாள் யார்டுக்குக் கூட்டிப்போய் அந்தப் பாட்டுக்கு அர்த்தம் கேட்டேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, வேண்டாம்டா, தெரிஞ்சுண்டா உனக்கு ராத்திரி சாதம் இறங்காது என்றான். வற்புறுத்தின பிறகு சொன்னான். மதராஸிலிருந்து ஒரு பாபு வந்திருக்கிறார், சோற்றில் புளியைக் கரைத்துக் குடிக்கிறார், காதில் பென்சிலை வைத்துக்கொண்டு நின்றால் பாய்லர் தானே நடந்துவரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். இதுதான் பாட்டு. என் யார்டில், என் ஆட்கள், என் எதிரில்.

மறுநாளே உத்தரவு போட்டேன். பாட்டு கூடாது. சோனா மியா மற்றவர்களைப் போல இடப்பக்கக் கயிற்றைப் பிடிக்க வேண்டும். தர்மதலாக் கடைத்தெருவில், ரயில் கார்டு வைத்திருப்பது போன்ற ஓர் ஊதல் வாங்கினேன். ஒரு ஊதல் ஊதினால் இழு, இரண்டு ஊதினால் நிறுத்து. டிண்டல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் கேட்கவில்லை. இந்தப் பத்து நாளில் குழாய்களும் பம்புகளும் ஊதலிலேயே ஏறிவிட்டன. டன்பர் துரை சத்தம் இல்லாமல் இருக்கிறது என்று மெச்சினார். அடுத்த வாரம் இரண்டு பாய்லர்கள் வருகின்றன. அவையும் ஏறிவிட்டால் என்னை அசைக்க ஆளில்லை.

தைக்கு இப்போதே ஆயத்தம் செய். இங்கே குளிர் கடுமை, காமுவுக்குக் கம்பளிச் சட்டை வேண்டும். புளி கொஞ்சம் அதிகமாகக் கட்டிக்கொள், பாட்டில் வந்துவிட்ட பிறகு அதற்கு என்ன வெட்கம்.

தீபாவளிக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. அதற்குள் இந்தக் கடிதம் வந்து சேராது, வந்த அன்றைக்கு என் பங்கு எண்ணெயையும் குழந்தை தலையில் வைத்துத் தேய்க்கவும்.

இப்படிக்கு உன் நினைவாகவே இருக்கும்
மஹாதேவன்


கல்கத்தா, பவானிபூர்
கார்த்திகை மாதம் 6

சௌ. அனந்தலக்ஷ்மிக்கு ஆசீர்வாதம். உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. காமுவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று படித்து நிம்மதி. உன் அப்பா தை மாதத்தில் பிரயாணத்துக்கு நாள் பார்த்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபோது எனக்கு என்ன ஆயிற்று என்று பிறகு சொல்கிறேன்.

உன் கடிதத்தின் கடைசியில், காகிதத்தின் ஓரத்தில் இடம் போதாமல் நெருக்கி, ஒரு கேள்வி எழுதியிருக்கிறாய். 'நம் ஊர்த் தேரில் மேலே நின்று துண்டை வீசுகிறவரைக் கயிறு பிடிக்கச் சொல்வார்களோ?' என்று. கேலியாகத்தான் கேட்டிருப்பாய். ஐந்து வயதிலிருந்து தேர் பார்த்தவன் நான். துண்டு வீசாமல் தேர் ஒரு அடி நகர்ந்து பார்த்ததில்லை. அது எனக்குத் தோன்றவில்லை, வீட்டுக்குள் இருக்கிற உனக்குத் தோன்றியிருக்கிறது. இரண்டு நாள் முன்னால் இந்தக் கடிதம் வந்திருக்கக்கூடாதா?

முந்தாநாள் முதல் பாய்லர் வந்தது. படகிலிருந்து கரைச் சரிவில் பலகை போட்டு உருட்டி ஏற்ற வேண்டும். மேலே நட்ட முளைகளில் இரண்டு கயிறுகளைக் கட்டி, பாய்லருக்கு அடியில் கொடுத்து, மறுபுறம் மேலே கொண்டுவந்து, இடப்பக்கம் பாதிப் பேரும் வலப்பக்கம் பாதிப் பேரும் இழுப்பார்கள். இழுக்க இழுக்க அது உருண்டு ஏறும். ஒவ்வொரு தடவை ஏறினதும் பின்னால் முட்டுக்கட்டை கொடுப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே சீராக ஏற வேண்டும், அதுதான் சூக்ஷ்மம். நான் மேட்டில் நின்று ஊதினேன். பாதிச் சரிவு வரை ஏறிவிட்டது. எனக்கு மார்பு நிமிர்ந்தது.

அப்புறம் இடப்பக்கம் சற்று அதிகம் ஏறியது. பாய்லர் கோணிக்கொண்டது. எனக்குத் தெரிந்தது, ஆனால் ஊதலில் அதைச் சொல்ல வழி ஏது? இழு, நிறுத்து, இரண்டே வார்த்தைதான் அதற்குத் தெரியும். நான் இரண்டு ஊதல் ஊதினேன். சிலர் நிறுத்தினார்கள், சிலர் பாதி இழுப்பில் இருந்தார்கள். முட்டுக்கட்டை பிதுங்கிப் பறந்தது. இருபது டன் இரும்பு திரும்பிச் சரிவில் உருண்டு, கீழே சேற்றில் ஒரு பக்கமாக இறங்கி நின்றது. பறந்த கட்டை சோனா மியாவின் வலது காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

அனந்தா, யாரும் கத்தவில்லை. என்னை அடிக்க வருவார்கள் என்று நினைத்தேன். வந்திருந்தால் தேவலை. கலீமுத்தீன் தன் தலைத் துணியை அவிழ்த்து அந்தக் காலைக் கட்டினான். எட்டுப் பேர் சோனா மியாவைப் பலகையில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மீதிப் பேர் அந்த நீளக் கயிறுகள் இரண்டையும் கங்கையில் அலசி, முறுக்கு விழாமல் சுற்றி, கொட்டகையில் வைத்துப் பூட்டி, சாவியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். நேற்றும் இன்றும் ஒருவரும் வேலைக்கு வரவில்லை.

டன்பர் துரை கெட்டவர் இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: முட்டுக்கட்டை டிண்டலின் பொறுப்பு, டிண்டலின் அஜாக்கிரதை என்று ரிப்போர்ட் எழுது, நான் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புகிறேன், உனக்கும் யார்டுக்கும் பழுதில்லை. அப்படி எழுதினால் கலீமுத்தீனுக்கு வேலை போகும். சோனா மியாவின் கால் அவன் தலைவனால் போனதாகிவிடும், கம்பெனி அவனைத் திரும்பிப் பார்க்காது. பாட்டை நிறுத்தியதும் அவனைக் கயிற்றில் போட்டதும் என் உத்தரவு என்று எழுதினால், தை முதல் தேதி உத்தியோக ஸ்திரமும் குவார்ட்டர்ஸும் போச்சு. உன் அப்பா பார்த்த நாளும் போச்சு. நாளைப் பத்து மணிக்குள் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும்.

சீதாராமன் சொல்வது என்னவென்றால், ஏண்டா அசடாட்டம் யோசிக்கிறே, அவாளுக்கு ஆயிரம் யார்டு இருக்கு, உனக்கு ஒரே ஒரு ஆம்படையாள்தான் இருக்கா, எழுதிக் குடுத்துட்டு நிம்மதியாத் தூங்கு என்கிறான். என் மேல் இருக்கிற பிரியத்தில்தான் சொல்கிறான். அவன் சொல்வது தப்பு என்று எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அதுவும் உனக்குத் தெரிய வேண்டும்.

இரண்டு ரிப்போர்ட்டும் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று நல்ல இங்கிலீஷில் இருக்கிறது, மற்றதில் அடித்தல் திருத்தல் அதிகம். உன்னைக் கேட்டு எழுதலாம் என்றால் பதில் வர எட்டு நாள் ஆகும். அதனால் நீ என்ன சொல்வாய் என்று நானே நினைத்துப் பார்க்கிறேன். நீ ஒன்றும் சொல்லாமல் காகித ஓரத்தில் இன்னொரு கேள்வி எழுதுவாய் என்றுதான் தோன்றுகிறது.

இந்தக் கடிதத்தை அப்பாவிடம் காட்ட வேண்டாம். குழந்தைக்குக் கம்பளிச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டாயா என்று மட்டும் எழுது.

மஹாதேவன்


கல்கத்தா, பவானிபூர்
கார்த்திகை மாதம் 13

சௌபாக்கியவதி அனந்தலக்ஷ்மிக்கு மனம் நிறைந்த ஆசீர்வாதம். இந்தக் கடிதத்தைச் சமையல் வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து படி. நீளம் அதிகம், நடுவில் அடுப்பைப் பார்க்க எழுந்து போகக்கூடாது.

அடித்தல் திருத்தல் இருந்த ரிப்போர்ட்டைத்தான் கொடுத்தேன்.

டன்பர் துரை அதை இரண்டு தடவை படித்தார். இதை எழுதச் சொல்லி யார் உன்னைக் கேட்டார்கள் என்றார். ஒருவரும் கேட்கவில்லை என்றேன். உத்தியோகம் ஸ்திரமாவது அடுத்த தை வரை தள்ளிப்போகும், குவார்ட்டர்ஸ் வேறொருவருக்குப் போகும், ஆனால் டிண்டலுக்கு வேலை போகாது, காலொடிந்தவன் குணமாகிற வரை ஆஜர் புஸ்தகத்தில் இருப்பான் என்றார். அப்புறம் ஒன்று சொன்னார். பௌர்ணமி வருகிறது, கங்கையில் பான் வரும், அதற்குள் பாய்லரைச் சேற்றிலிருந்து எடு, இல்லாவிட்டால் தைக்கு நீயே இருக்க மாட்டாய்.

பான் என்றால் உனக்குத் தெரியாது. அமாவாசை பௌர்ணமியை ஒட்டிச் சமுத்திரம் ஆற்றுக்குள் புகுந்து, ஆள் உயரத்துக்கு ஒரே அலையாக மேலே ஏறி வரும். கரையில் கட்டாத படகை வாழைப் பட்டை மாதிரி தூக்கி எறியும். சேற்றில் சாய்ந்து கிடக்கிற பாய்லரின் அடிமண்ணை அது அரித்துவிட்டால் அப்புறம் அந்த இரும்பு கங்காதேவிக்குத்தான். எனக்கு மூன்று நாள் இருந்தது. ஆட்கள் ஒருவரும் இல்லை.

கலாசிகள் குடியிருக்கிற பஸ்திக்குப் போனேன். ஆமாம், நானேதான், பஞ்சகச்சமும் குடுமியுமாக. சந்தில் இருந்த பெண்டுகள் எல்லாம் உள்ளே போய்விட்டார்கள். நாற்பது பேரும் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டதால் சோனா மியா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். எனக்கு ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார்கள். உட்காரவில்லை. என் ரிப்போர்ட்டின் நகலை எடுத்து, என் பட்லர் ஹிந்துஸ்தானியில் வரிக்கு வரி படித்துச் சொன்னேன். பாட்டை நிறுத்தினது நான், இவனைக் கயிற்றில் போட்டது நான், டிண்டல் சொல்ல வந்ததைக் கேட்காதது நான்.

அப்புறம் கலீமுத்தீனைப் பார்த்து, அன்றைக்கே ஏன் பலமாகச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் ஒரே வார்த்தையில் பதில் சொன்னான். நீங்கள் உத்தரவு போட்டீர்கள் பாபு, கேட்கவில்லையே என்றான். இன்றைக்குக் கேட்கிறேன், அந்தப் பாட்டு என்ன செய்கிறது என்று சொல் என்றேன். அவன் சொல்லவில்லை, சோனா மியாவைக் காட்டினான்.

அவன் சொன்னதைக் கேள். இரண்டு கயிற்றுக்கும் அவர்களிடம் பெயர் இருக்கிறது. இடக் கயிறு மாப்பிள்ளை வீட்டார், வலக் கயிறு பெண் வீட்டார். பாய்லர்தான் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் விருந்து தின்று தூங்குகிறார்கள் என்று பாடினால் இடப்பக்கம் பலம் கூட்ட வேண்டும். பெண் வீட்டாருக்கு அவசரம் தாங்கவில்லை என்று பாடினால் வலப்பக்கம் தளர்த்த வேண்டும். அடியை நீட்டிப் பாடினால் மெதுவாக, குறுக்கினால் வேகமாக. நடு அடியில் வாயை மூடிவிட்டால் நாற்பத்தொரு பேரும் அரை மூச்சில் நின்றுவிடுவார்கள். கயிறு பிடித்தவனுக்குத் தன் முன்னால் நிற்பவன் முதுகு மட்டும்தான் தெரியும். இரண்டு பக்கமும் பார்க்கிறவன் ஒருவன்தான், அவன் கையில் கயிறு இருந்தால் அவனுக்கும் முதுகுதான் தெரியும். இதைச் சொல்லிவிட்டு, இவ்வளவுதான் பாபு, இதில் ஒரு வித்தையும் இல்லை என்றான்.

என்னைக் கேலி செய்தது எதற்கு என்றும் கேட்டுவிட்டேன். மனசுக்குள் முள்ளை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. அப்போதுதான் கலீமுத்தீன் சிரித்தான். நாற்பது பேர் ஒன்றாகச் சிரித்தால் நாற்பது பேர் மூச்சும் ஒன்றாக வெளியே போகும், அடுத்த மூச்சை ஒன்றாக இழுப்பார்கள், அந்த மூச்சில்தான் பாரம் ஏறும் என்றான். யார்டுக்கு வந்த ஒவ்வொரு பாபுவுக்கும் ஒரு பாட்டு உண்டாம். டன்பர் துரைக்கு ஒன்று இருக்கிறது, அதை உனக்கு எழுத முடியாது. பாட்டு இல்லாத பாபுவை அவர்கள் பாபுவாகவே சேர்ப்பதில்லையாம். நான் என்னவோ என்னை வெளியே தள்ளுகிறார்கள் என்று நினைத்துக் குதித்திருக்கிறேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன், ஒடிந்தது அடுத்தவன் கால்.

புறப்படும்போது சோனா மியா கேட்டான், இந்தக் காகிதத்தால் உங்களுக்கு என்ன போயிற்று என்று. ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். வாய் வேறு மாதிரி சொல்லிவிட்டது. மூன்று வருஷமாக மதராஸ் பக்கத்தில் காத்திருக்கிற உன்னையும், என்னைப் பார்த்தால் யார் என்று கேட்கப்போகிற குழந்தையையும், வீடு இருந்தால்தான் அனுப்புவேன் என்கிற மாமனாரையும் சொன்னேன். சோனா மியா குழந்தைக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில் யார்டுக்குப் போனேன். நாற்பத்திரண்டு பேரும் இருந்தார்கள். சோனா மியாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டுவந்து அதே மரக்கட்டை அடுக்கின் மேல் வைத்திருந்தார்கள். நான் கலீமுத்தீனிடம் போய், நான் எங்கே நிற்கட்டும் என்று கேட்டேன். சோனா மியாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நில்லுங்கள், படுத்தபடி அவனுக்குப் பெண் வீட்டார் பக்கத்துச் சேறு கண்ணுக்கு எட்டாது, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்றான். ஆறு வருஷத்தில் எனக்கு இவ்வளவு தெளிவாக யாரும் வேலை கொடுத்ததில்லை.

சோனா மியா வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தான். எந்தப் பாட்டு என்று கேட்கிறான் என்று புரிந்தது. புளி, பென்சில், அதையே பாடு என்றேன்.

அனந்தா, இனி எழுதுவதை எப்படி எழுதுவேன் என்று தெரியவில்லை. அவன் முதல் அடியை எடுத்தான். படுத்துக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு அவ்வளவு குரல் எங்கிருந்து வந்ததோ. புளியைக் கரைத்துக் குடிக்கிறார் என்றதும் நாற்பத்தொரு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கின அந்த ஒரு கணம் கரை முழுவதும் நிசப்தம். எல்லா முதுகும் ஒன்றாக விரிந்தது, 'மாரோ டான், ஹெய்யோ' என்று ஒரே குரல். சேறு அதை விட்டது. ஊறின துணியைப் பாறையிலிருந்து உரித்தெடுக்கிற மாதிரி ஒரு சத்தம். அந்த இரும்பு மலை, நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அரை முழம் நகர்ந்தது.

பிறகு ஒவ்வொரு அடியாக ஏறியது. பெண் வீட்டார் பக்கம் இரண்டு விரல் பின்தங்குகிறது என்று நான் சொல்வேன். அடுத்த அடியிலேயே பெண்ணின் சித்தப்பாவுக்குத் தொப்பை பெரிது என்று பாட்டு வரும். வலக் கயிறு சிரித்துக்கொண்டே இழுக்கும், இரண்டு விரல் சரியாகிவிடும். நான் சொன்னது அவன் வாயில் பாட்டாகி நாற்பத்தொரு பேர் கையில் பலமாகிறது. ஒரு தடவை முட்டுக்கட்டை லேசாக நழுவினதைப் பார்த்து நான் அவன் தோளைத் தொட்டேன். அவன் வார்த்தையின் நடுவில் வாயை மூடினான். அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். கலீமுத்தீன் கீழே குனிந்து கட்டையைத் தட்டி உள்ளே தள்ளுகிற வரைக்கும் இருபது டன் அந்த மௌனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கோயிலில் கற்பூரம் காட்டும்போதுகூட எனக்கு அப்படிக் கை தானாகக் குவிந்ததில்லை. கூப்பினேன். யார் பார்த்தார்களோ தெரியாது.

பதினோரு மணிக்குப் பான் வருகிற இரைச்சல் கேட்டது. படகுக்காரர்கள் கத்திக்கொண்டு நடு ஆற்றுக்குப் போனார்கள், கரையோரத்தில்தான் அந்த அலை மோதி உடைக்கும். பாய்லர் மேட்டுக்கு இன்னும் நாலு உருட்டல்தான். ஆட்களுக்குப் பலம் தீர்ந்துவிட்டது. சோனா மியா என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் புதிதாக ஒரு அடி கட்டினான். சீதாராமன் ஆபீஸுக்கு மட்டம் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தான், அவன்தான் எனக்கு அர்த்தம் சொன்னான்.

'மதராஸ் தேசத்துப் பெண் வீட்டாரே, மாப்பிள்ளை கங்கைக் கரையில் தனியாக நிற்கிறார். வீடு இல்லை என்று பெண்ணைப் பிடித்து வைக்காதீர்கள். குழந்தை அப்பா முகத்தை மறக்கிறது. பெண்ணை அனுப்புங்கள், பெண்ணை அனுப்புங்கள்.'

நாலு தடவை பாடினான். நாலு தடவையும் ஹெய்யோ. நாலாவது தடவை பாய்லர் தண்டவாள மேட்டில் ஏறி உட்கார்ந்தது. கீழே அது கிடந்த பள்ளத்தின் மேல் அலை வந்து புரண்டது. கயிற்றைப் போட்டுவிட்டு எல்லோரும் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன், அன்றைக்கு எனக்கு மடியும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர்களில் ஒருவருக்கும் உன் பெயர் தெரியாது. உன்னை வரச் சொல்லித்தான் அந்தக் கடைசிப் பலத்தை எடுத்தார்கள்.

இரண்டாவது பாய்லர் நேற்று ஏறியது. டன்பர் துரை வந்து பார்த்துவிட்டு, சத்தம் அதிகமாக இருக்கிறதே என்றார். ஆமாம் என்றேன். குவார்ட்டர்ஸ் போனது போனதுதான். பவானிபூரில் ஒரு சந்தில் இரண்டு அறை பேசியிருக்கிறேன். குழாய் தெருமுனையில் இருக்கிறது, சமையலறை இருட்டு, மழைக்கு ஒரு மூலை ஒழுகும் என்று வீட்டுக்காரர் யோக்கியமாக முன்னாலேயே சொல்லிவிட்டார். அவர் மனைவியை எல்லோரும் மாஷீமா, அதாவது சித்தி, என்று கூப்பிடுகிறார்கள். அந்த அம்மாள் என்னைப் பார்க்கிறபோதெல்லாம் பௌமா எப்போது வருகிறாள் என்று கேட்கிறாள். பௌமா என்றால் நாட்டுப்பெண். திருக்கார்த்திகைக்கு அந்தக் காலி அறையில் பதினோரு அகல் ஏற்றி வைத்தேன். சந்துக் குழந்தைகள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போயின.

போன கடிதத்தை அப்பாவிடம் காட்டாதே என்று எழுதினேன். இதைப் படித்துக் காட்டு. கம்பெனிக் காகிதம் என்னால் அனுப்ப முடியாது. அனுப்ப முடிந்தது இந்தக் காகிதம்தான். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் கோணிக்கொள்ளும் என்று நான் பார்த்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் இங்கே நிற்கிறேன். பெண் வீட்டுக் கயிறு அவர் கையில் இருக்கிறது என்று நான் நமஸ்காரம் செய்து சொன்னதாகச் சொல்.

அந்த ஊதலை அலம்பித் துடைத்துக் காமுவுக்காக எடுத்து வைத்திருக்கிறேன். ஹௌரா ஸ்டேஷனில் அவளிடம் கொடுத்து, நான்தான் அப்பா என்று சொல்ல வேண்டும். சகல சௌபாக்கியத்தோடும் நீங்கள் இருவரும் தீர்க்காயுசாக இருக்க காளி அனுக்கிரகிக்கட்டும்.

நாள் பார்த்தது பார்த்ததாகவே இருக்கட்டும், மாற்ற வேண்டாம்.

மஹாதேவன்